35,000 ரூபா கிட்டாருக்கு 40,000 ரூபா சாமான் போடலாமா?

கொட்டகலை_லீட்

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் வாசிச்சிட்டு மட்டும் போனவன், இன்னைக்குத்தான் எழுதுறேன்.

போன வருசம் ஹட்டன் டவுன்ல ஒருத்தர்கிட்ட ஸ்ட்ராட் காப்பி (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டாரைப் பார்த்துச் செஞ்சது) ஒண்ணு 35,000க்கு எடுத்தேன். ஆறு ஸ்க்ரூ ட்ரெமோலோ (ஆர்ம்ங்கிற கம்பியை அமுக்கினா சுருதி இறங்கும்), மூணு சிங்கிள் காயில் பிக்கப் (தந்தி சத்தத்தைப் பிடிக்கிறது), நெக்குல குறுக்கே பதிச்ச கம்பி 22 ஃப்ரெட். என்ன கம்பனின்னு தெரியாது, தலையில ஒட்டியிருந்த ஸ்டிக்கர் எப்பவோ உரிஞ்சி போச்சி. ஆனா நெக் இருக்கே, கையில பிடிச்சா கீழ வைக்க மனசு வராது.

பிரச்சினை ட்யூனிங். சர்ச்சில ரெண்டு பாட்டு வரைக்கும் தாங்கும். மூணாவதுல ஆர்மைத் தொட்டேன்னா ஜி தந்தி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். போன மாசம் ஒரு கல்யாண வீட்டுல பாடுற அண்ணன் பாதிப் பாட்டுல திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாரு. அன்னைக்கு ராத்திரி சோறே இறங்கல.

அதனால ஒரு லிஸ்ட் போட்டேன்: லாக்கிங் ட்யூனர் ஒரு செட் (தலையில இருக்கிற கீ, தந்தியைப் பூட்டிப் பிடிக்கும்), ஸ்டீல் பிளாக் உள்ள முழு பிரிட்ஜ் (தந்தியோட அடி முனையைத் தாங்குற தட்டு, அதுக்கு அடியில இருக்கிற உலோகக் கட்டிதான் பிளாக்), ரோலர் நட் (தலைக்குப் பக்கத்துல தந்தி தங்குற துண்டுதான் நட், இது உருளை வச்சது). வெளிநாட்டுல இருந்து எடுத்தா தபால் செலவு, சுங்கம், 18 வீத வாட் எல்லாம் சேர்ந்து 40,000 தாண்டுது. அப்பா கணக்கைப் பார்த்துட்டு, "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்"னு சொல்லிட்டு டீயைக் குடிக்கப் போயிட்டாரு. நீங்க என்ன சொல்றீங்க?

கண்டி_டோன்

எடு மச்சான், யோசிக்காத. அந்த மாதிரி காப்பியில வர்ற பிளாக் பிஸ்கட் மாதிரி மெல்லிசா இருக்கும். கனமான பிளாக் போட்டா தந்தி நின்னு பேசும். நான் என்னோடதுல பிரிட்ஜ், ட்யூனர், பாட் (வால்யூம், டோன் திருகுக்கு அடியில இருக்கிறது), சுவிட்ச் எல்லாமே மாத்திட்டேன். பழைய கிட்டார்ல மிச்சம் மரம் மட்டும்தான். கையில எடுத்தா வேற கிட்டார்.

ஹட்டன்_பழசு

தம்பி, பார்சலுக்குக் காசு கட்டிவிடவில்லையே? கட்டவில்லையென்றால் ஒரு வாரம் பொறுங்கள். கண்டிக்காரர் சொன்னதுபோல மரம் மட்டும் மிச்சமாக இருந்தால் அது வேறு கிட்டார்தான், அதில் எனக்கும் சந்தேகமில்லை.

ட்யூனிங் போகிறது என்றால், எங்கோ தந்தி சிக்குகிறது, அல்லது எங்கோ வழுக்குகிறது. எந்த இடம் என்று தெரியாமல் சாமான் வாங்குவது, எந்தப் பல் வலிக்கிறது என்று பார்க்காமல் எல்லாப் பல்லையும் பிடுங்குவதுதான். முதலில் இரண்டு சோதனை செய்யுங்கள். நல்லா ட்யூன் பண்ணிவிட்டு, ஜி தந்தியை விரலால் பக்கவாட்டில் தள்ளி ஒரு முழு சுரம் வளைத்து விடுங்கள். சுருதி காட்டும் ட்யூனர் கருவியைப் பாருங்கள். சுருதி இறங்கியிருந்தால், நட்டுக்கு அந்தப் பக்கம், தலையில் உள்ள கீக்கும் நட்டுக்கும் நடுவில், தந்தியை விரலால் ஒருமுறை அழுத்திவிடுங்கள். சுருதி திரும்பி ஏறினால் குற்றவாளி நட். வளைக்கும்போது நட் வழியாக இந்தப் பக்கம் வந்த தந்தி திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, மறுபடி ட்யூன் பண்ணிவிட்டு ஆர்மை ஒருமுறை நன்றாகக் கீழே அமுக்கி விடுங்கள். இப்போது சுருதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆர்மை அமுக்கும்போது தந்தி தளர்ந்து ட்யூனர் பக்கம் நகரும். ஆர்மை விட்டதும் அது திரும்பி வரவேண்டும். வராமல் நட்டில் சிக்கினால், இந்தப் பக்கம் இழுவை கூடி ஜி சுருதி ஏறி நிற்கும். வளைத்தால் இறங்குவதும், ஆர்ம் அமுக்கினால் ஏறுவதும் ஒரே நோய்க்கு இரண்டு அறிகுறிகள்.

ஆறு ஸ்க்ரூ ட்ரெமோலோவை ஆளுக்காள் பழிக்கிறார்கள். ஃபெண்டர் ஸ்ட்ராட்டில் 1954இலேயே வந்த அமைப்பு அது. இன்றைக்கும் அதை வைத்து மேடையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஆறு ஸ்க்ரூவையும் இறுக்கி முடுக்கி வைத்தால் தட்டு எப்படி ஆடும்? ஓரத்து இரண்டு மட்டும் தாங்கினால் போதும். நடுவில் உள்ள நாலையும் தட்டைத் தொடாத அளவுக்குக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். செலவு: ஒரு ஸ்க்ரூ ட்ரைவர்.

கொட்டகலை_லீட்

அண்ணே, நீங்க சொன்னபடியே செஞ்சேன். அச்சு அசல் அதேதான்! வளைச்சா இறங்குது, ஆர்ம் அமுக்கினா ஏறுது. இன்னொண்ணு, ட்யூன் பண்ணும்போது கீயைத் திருப்பிக்கிட்டே இருந்தா ஒண்ணும் நடக்காது, திடீர்னு "டிங்"னு ஒரு சத்தம் கேட்டு ஒரேயடியா தாவுது. இதை நான் ட்யூனர் கோளாறுன்னுதான் நினைச்சிருந்தேன்.

நடு ஸ்க்ரூ நாலையும் தூக்கிட்டேன். ஆர்ம் வெண்ணெய்ல கத்தி மாதிரி இறங்குது. ஆனா ஜி இன்னும் அப்படியேதான்.

ஆறாம்_தந்தி

தம்பி, அந்த "டிங்" நட் போடுற சத்தம். ப்ளாஸ்டிக் நட்டுல வெட்டு தந்தியை விட ஒடுக்கமா இருக்கு. 9ல இருந்து 42 தந்தி செட்டுக்கு (தடிப்பு, இஞ்சில ஆயிரத்துல ஒரு பங்குக் கணக்கு) வெட்டின நட்டுல நீங்க இன்னும் தடிப்பான 10ல இருந்து 46 செட் போட்டிருப்பீங்க. சரியா?

மஸ்கெலியாவுல நான் எட்டு வருசமா கொயருக்கு வாசிக்கிறேன். முதல்ல 2பி பென்சிலை நல்லா கூரா சீவி, வெட்டுக்குள்ள தேச்சி விடுங்க. அதுல இருக்கிற கிராஃபைட் தந்தியை வழுக்க விடும். ஒரு மாசம் தாங்கும். அது உதவிச்சின்னா நோய் நட்தான்னு உறுதி. அப்புறம் 800 நம்பர் சேண்ட் பேப்பரை மடிச்சி, பழைய தந்தித் துண்டு மேல சுத்தி, வெட்டை ரெண்டு இழு, மூணு இழு, அவ்வளவுதான். ட்யூனர் பக்கம் கொஞ்சம் சரிவா இழுக்கணும். கீழ போறதை விட அகலமாகிறதுதான் நமக்கு வேணும். ஒவ்வொரு தடவையும் தந்தியைப் போட்டு மூணாவது ஃப்ரெட்ல அமுக்கிப் பாருங்க. முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவுல ஒரு கடதாசி போற அளவு இடைவெளி இருக்கணும். அது இல்லாம போச்சின்னா தந்தி ஃப்ரெட்ல அடிக்கும்.

ரொம்ப வெட்டிட்டா அழாதீங்க. ஆப்பச்சோடா ஒரு சிட்டிகை, மேல ஒரு சொட்டு சுப்பர் க்ளூ. கல்லு மாதிரி இறுகும், திரும்ப வெட்டலாம்.

எலும்பு நட் போடணும்னா நானே அறுத்துத் தர்றேன். இதுல ஒரு கதை இருக்கு. முதல் தடவை இறைச்சிக் கடையில மாட்டுக் கால் எலும்பு கேட்டு வாங்கிட்டு வந்தேன். மாமி அதை வாசல்படி ஏற விடல. பின்னால மூணு கல்லு வச்சி, பழைய பெயின்ட் டின்னுல போட்டு அவிச்சேன். ஆற வச்சிட்டு உள்ள போய் வந்தா, லயத்து நாய் தூக்கிட்டுப் போயிருச்சி. ரெண்டாவது எலும்பைத் துணியில கட்டி கூரையில தொங்கவிட்டுத்தான் காய வச்சேன். ஹாக்ஸா பிளேடால அறுத்து, அரத்தால தேய்ச்சி 43 மில்லிமீட்டர் நீளம், 3.5 தடிப்புக்குக் கொண்டு வர ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சி. தேய்க்கும்போது வர்ற நாத்தம் இருக்கே, பல் டாக்டர்கிட்ட போனவங்களுக்குத் தெரியும். மூக்குல துணி கட்டிக்குங்க, அந்தத் தூசு நல்லதில்ல.

கண்டி_டோன்

எல்லாரும் பென்சில், ஆப்பச்சோடான்னு போறீங்க, சரி. அப்போ இவ்வளவு கம்பனி இவ்வளவு சாமான் எதுக்கு விக்குது? வாங்குறவங்க எல்லாம் மடையனுங்களா?

ஊவாக்காற்று

மடையன்னு யாரும் சொல்லல மச்சான். ஆனா நான் ஒருத்தன் இருக்கேன், என் கதையைக் கேளு.

பண்டாரவளையில எனக்கு ரேடியோ, டிவி ரிப்பேர் கடை. சால்டரிங் அயர்ன் கையில இருந்தா உலகமே நம்ம கையிலன்னு ஒரு திமிர் இருந்த காலம். 2021ல ஒரு பிரிட்ஜ் ஆர்டர் பண்ணினேன். விக்கிற ஆள்கிட்ட "ஸ்ட்ராட்டுக்குப் பொருந்துமா?"ன்னு கேட்டேன், "எல்லா ஸ்ட்ராட்டுக்கும் பொருந்தும்"னு பதில். ரெண்டு மாசம் கழிச்சி வந்தது. வச்சிப் பார்த்தா ஓரத்து ஸ்க்ரூ ஓட்டை ரெண்டும் மரத்து ஓட்டைக்கு வெளிய நிக்குது. திருப்பி எடுக்க முடியாதுன்னுட்டான்.

அப்பதான் அளந்தேன். அமெரிக்க பழைய அளவு, ஓரத்து ஸ்க்ரூ மையத்துல இருந்து மற்ற ஓரத்து மையம் வரைக்கும் சுமார் 56 மில்லிமீட்டர். ஆசியக் காப்பி நிறைய 52.5. ஆறு ஸ்க்ரூவுக்கு நடுவுல அஞ்சு இடைவெளி. ஒண்ணு 11.2, மத்தது 10.5. ஒரு இடைவெளியில முக்கால் மில்லிமீட்டர் கூட வித்தியாசமில்ல, ஆனா அஞ்சும் சேர்ந்தா மூணரை. இதுக்கு மரத்துல பழைய ஓட்டையை அடைச்சி புது ஓட்டை போடணும். நான் போட்டேன். ஒண்ணு கோணலாப் போச்சி.

சூடு கண்ட பூனை அத்தோட நிக்கணும், நான் நிக்கல. அடுத்து ட்யூனர். என் கிட்டார்ல பழைய மாடல், ஓட்டை சின்னது. புது ட்யூனருக்கு 10 மில்லிமீட்டர் வேணும். கை ட்ரில்லால, மரத்துக்குப் பின்னால பலகை எதுவும் கொடுக்காம, நேரா துளைச்சேன். பிட் மறுபக்கம் வெளிய வரும்போது வார்னிஷோட மரமும் சேர்ந்து பிளந்து வந்திச்சி. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. கிட்டார் இப்ப கடைச் சுவர்ல தொங்குது. வர்றவங்க "அழகா இருக்கு, விக்கிறீங்களா"ன்னு கேப்பாங்க. பின் பக்கம் திருப்பிக் காட்ட மாட்டேன்.

ஸ்கேலும் வெர்னியரும் எடுக்காம ஒரு ரூபா கூட அனுப்பாதீங்க. ஸ்க்ரூ இடைவெளி, ட்யூனர் ஓட்டை, பாடி தடிப்பு மூணும் அளக்கணும். மலிவுக் காப்பி சிலதுல பாடி மெல்லிசு, முழு பிளாக் போட்டா பின்னால வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். ஆர்ம் ஓட்டையோட மரை கூட வேற. அமெரிக்கத்துல இஞ்ச் மரை, காப்பியில மில்லிமீட்டர் மரை.

கொட்டகலை_லீட்

ஊவா அண்ணே, படிச்சிட்டு வயிறு கலங்கிச்சி. இப்பவே அளந்தேன், 52.5. நான் லிஸ்ட்ல போட்டிருந்த பிரிட்ஜ் 56!!

ஸ்டோர்_ஃபிட்டர்

பிளாக் பத்தி பேச்சு வந்ததால நானும் உள்ள வர்றேன். தேயிலை ஸ்டோர்ல ஃபிட்டர் வேலை. ரோலர் மெஷின் பேரிங்கோட மல்லுக்கட்டுற ஆளு, கிட்டார் சும்மா ராத்திரி பொழுதுபோக்கு.

என்னோட காப்பியிலயும் பிளாக் மெல்லிசுதான். கொழுந்து குறைஞ்ச நாள் ஒண்ணுல டீமேக்கர்கிட்ட சொல்லிட்டு, வெட்டி மிஞ்சின இரும்புத் துண்டுல நானே ஒரு பிளாக் செஞ்சேன். ட்ரில் ப்ரெஸ்ல ஆறு ஓட்டை, 10.5 இடைவெளி. தந்தியோட உருண்டை போய் உக்கார அடியில பெரிய பிட்டால ஆழம் எடுக்கணும். அந்த ஆழம் ஆறுக்கும் ஒரே மாதிரி வரணும், அதுக்குத்தான் ரெண்டு சாயங்காலம் போச்சி. மரை எடுக்கிற டேப் ஒண்ணை உள்ளயே உடைச்சிட்டேன், அது என் கைக்காசு.

இப்ப கண்டித் தம்பி கேட்க விரும்புறது: சத்தம் மாறிச்சா? மாட்டின அன்னைக்கு ராத்திரி சத்தியமா மாறிச்சின்னுதான் சொன்னேன். மகளைக் கூட கூப்பிட்டுக் காட்டினேன். அப்புறம் யோசிச்சா, பிளாக் மாத்தும்போது தந்தியும் புதுசு போட்டிருக்கேன். புதுத் தந்தி எந்தக் கிட்டார்லயும் கணீர்னுதான் இருக்கும். ஒரு மாசம் கழிச்சி, அதே மாதிரி புதுத் தந்தி போட்டு பழைய பிளாக்கை மாட்டி போன்ல ரெக்கார்ட் பண்ணி, அடுத்த நாள் புது பிளாக்கையும் அதே மாதிரி பண்ணினேன். மகள் பேர் சொல்லாம போட்டுக் காட்டினா. பத்துத் தடவையில நான் சரியாச் சொன்னது ஆறு. காசு சுண்டினாலே அஞ்சு வரும்.

அப்புறம் இந்த "ஸ்டீல் கனம்" கதை. சிங்க் கலவை ஒரு கன சென்டிமீட்டருக்கு 6.6 கிராம் சொச்சம், ஸ்டீல் 7.85, பித்தளை 8.5 சொச்சம். அதே அளவு பிளாக்கா இருந்தா சிங்க்கை விட ஸ்டீல் அஞ்சுல ஒரு பங்கு கூட அதிகமில்ல. காப்பி பிளாக் லேசா இருக்கிறதுக்குக் காரணம் உலோகத்தை விட, அது பாதி அளவுதான் இருக்குங்கிறது.

செஞ்சதுல வருத்தமில்ல. டேப் உடைஞ்சதுதான் வருத்தம்.

பனியும்பேஸும்

நம்ம ஊரு காலநிலையைப் பத்தி யாரும் வாயைத் திறக்கலயே. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். ஜனவரி, பெப்ரவரியில விடியக்காலை புல்லு வெள்ளையா உறைஞ்சி கிடக்கும். இங்க ரெண்டு வருசம் இருந்த பிரிட்ஜ் ஒண்ணைக் கழட்டிப் பாருங்க, சாடிலோட (பிரிட்ஜ்ல ஒவ்வொரு தந்தியும் உக்கார்ற துண்டு) உயர ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிச்சி ஆலன் கீக்கு வழி விடாது. அதுக்குப் புது பிரிட்ஜ் தேவையில்ல. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஒரு ராத்திரி வச்சிட்டு, காலையில மெதுவா திருப்புங்க.

ஏப்ரல் சீசன்ல வெளி மேடையில வாசிச்சவங்களுக்கு இது தெரியும். உள்ள லைட் சூட்டுல ட்யூன் பண்ணிட்டு வெளிய வந்து பத்து நிமிசம் நின்னா, தந்தியெல்லாம் கொஞ்சம் சுருதி ஏறிப் போயிருக்கும். இரும்பு குளிர்ல சுருங்கும், மெல்லிசா இருக்கிறதால மரத்துக்கு முந்தியே சுருங்கும். எந்த லாக்கிங் ட்யூனர் போட்டாலும் இதைத் தடுக்க முடியாது. கிட்டாரைப் பெட்டியில இருந்து எடுத்து மேடையில கால் மணி நேரம் வச்சிட்டு அப்புறம் ட்யூன் பண்ணுங்க. மழைக் காலத்துல மரம் ஈரத்தைக் குடிச்சி நெக்கும் அசையும். நெக்குக்குள்ள இருக்கிற ட்ரஸ் ராடை (நெக் வளைவைச் சரி பண்ற கம்பி) தொட்டா ஒரு தடவைக்குக் கால் சுத்துதான், அதுக்கு மேல வேண்டாம்.

கண்டி_டோன்

சரி, பிளாக்கை விட்டுட்டேன். பத்துல ஆறுங்கிறது கொஞ்சம் வலிக்குது, நான் 18,000 கொடுத்தவன்.

ஆனா லாக்கிங் ட்யூனரை விடமாட்டேன். கட்டுகஸ்தோட்டையில ஒரு நிகழ்ச்சி, ரெண்டாவது பாட்டுல பி தந்தி அறுந்திச்சி. சாதாரண கீயில தந்தியைச் சுத்தி, இழுத்து, ரெண்டு மூணு சுத்து ஒழுங்கா வரணும். லாக்கிங்ல ஓட்டையில விடு, இறுக்கு, வெட்டு, முடிஞ்சிச்சி. கீபோர்ட்காரர் இழுத்துக்கிட்டிருந்த அந்த ரெண்டு நிமிசத்துல நான் திரும்ப வந்துட்டேன். அதுக்கு விலை போட முடியுமா?

ஹட்டன்_பழசு

அதை ஒத்துக்கொள்கிறேன். மேடையில் வாசிப்பவருக்கு அது உபயோகமான சாமான்தான். ஆனால் அது தந்தி மாற்றும் நேரத்தைக் குறைக்கிறது, நட்டில் சிக்குவதைக் குறைக்காது. கொட்டகலைத் தம்பியின் நோய் நட்டில். தலைவலிக்காரனுக்கு நல்ல செருப்பு வாங்கிக் கொடுத்த கதையாகிவிடக் கூடாது.

யாராவது ஃப்ளாய்ட் ரோஸ் என்ற ட்ரெமோலோவைப் போடச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 1979இல் காப்புரிமை பெற்ற அருமையான கண்டுபிடிப்பு, நட்டிலேயே தந்தியைப் பூட்டிவிடும். ஆனால் மரத்தைத் தோண்ட வேண்டும். கைக்குப் பிடித்த நெக் என்று எழுதியவர் அந்தக் கிட்டாரில் உளி வைக்க வேண்டாம்.

கொட்டகலை_லீட்

நடுவுல இன்னொரு கேள்வி. ஆம்ப்ல "ம்ம்ம்"னு ஒரு இரைச்சல். தந்தியைத் தொட்டா குறையுது. பிக்கப் மாத்தணுமா?

ஊவாக்காற்று

தொட்டா குறையுதுன்னா தந்தி எர்த் வேலை செய்யுது, நல்லது. சிங்கிள் காயில்னா இரைச்சல் கூடவே பிறந்தது. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால அந்த "ம்ம்ம்" ஜி சுரத்துக்கு ஒரு மயிரிழை மேல நிக்கும். கேட்டுப் பாரு. அதை ஒழிக்கத்தான் 1955ல கிப்சன்ல சேத் லவர் ரெண்டு காயில் வச்ச ஹம்பக்கரைச் செஞ்சாரு. காசு செலவழிக்காம செய்யணும்னா பிக்கார்டை (முன் பக்கம் இருக்கிற தட்டு) கழட்டி உள்ள முழுக்க செம்புத் தகடு ஒட்டி எர்த்தோட இணை. கொஞ்சம் குறையும், முழுசா போகாது.

ஆனா ஒண்ணு, இது விளையாட்டில்ல. கல்யாண வீட்டுல, கோயில் மேடையில, மூணு பின் ப்ளக்கைக் குச்சி சொருகி ரெண்டு பின் மாதிரி மாட்டுறதை நான் எத்தனையோ இடத்துல பார்த்திருக்கேன். எர்த் இல்லாத ஆம்ப்ல கிட்டார், வேற லைன்ல மைக். தந்தியில கை, மைக்ல உதடு. எனக்கு ஒரு தடவை வாயில அடிச்சிருக்கு, ரெண்டு நாள் ருசி தெரியல. ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுதான்னு பார்த்துட்டுத்தான் நான் இப்ப மேடை ஏறுவேன். 40,000ல ஒரு பகுதியை நல்ல எக்ஸ்டென்ஷன் கோட் ஒண்ணுக்குப் போடு.

கொட்டகலை_லீட்

மூணு வாரம் கழிச்சி வர்றேன், மன்னிக்கணும். தோட்டத்துல திருவிழா.

மஸ்கெலியா அக்கா அறுத்த எலும்பு பஸ்ல வந்து சேர்ந்திச்சி. கண்டக்டர் அண்ணன் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துட்டு, "என்னாடா இது, மருந்தா?"ன்னு கேட்டாரு. பழைய நட்டை ஒரு சின்னத் தட்டுல கழட்டினேன். புதுசுல வெட்டு போட நாலு நாள், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். டி தந்தி வெட்டு ஆழமாப் போயி ஆப்பச்சோடா வேலையும் பார்த்தேன். அம்மா ஆப்பம் சுட எடுத்தப்போ டப்பாவுல பாதிதான் இருந்திச்சி.

ஜி தந்தி "டிங்" சொல்றதை நிறுத்திடிச்சி. வளைச்சேன், ஆர்மை அமுக்கினேன், ட்யூனர் ஊசி நடுவுலயே நிக்குது. திருவிழா மேடையில பத்தொன்பது பாட்டு. ரெண்டு தடவைதான் கீயைத் தொட்டேன்.

அந்த ரெண்டும் பி தந்தி. அதுல உண்மையாவே கீ கெட்டுப்போச்சி. பொத்தானைப் பிடிச்சி ஆட்டினா தண்டு ஆடாம பொத்தான் மட்டும் ஆடுது, கியர் தேஞ்சிருக்கு. ஓட்டை அளந்தேன், 10. கண்டி அண்ணே, நீங்க கழட்டின பழைய கீ எதும் வீட்டுல கிடக்கா?

கண்டி_டோன்

என்கிட்ட இல்லாம வேற எங்க இருக்கும். ஒரு சூகேஸ் நிறைய இருக்கு. பழைய பிளாக், பழைய பாட், பழைய சுவிட்ச் எல்லாம். மனுசி ரெண்டு வருசமா வெளிய போடச் சொல்றா.

10 மில்லிமீட்டர் கீ ஆறு, ஒரு பக்கத்து வரிசை, 2,500. அடுத்த சனிக்கிழமை நானுஓயா ரயில்ல வர்றேன், ஹட்டன் ஸ்டேஷன்ல கையில தர்றேன்.

கொட்டகலை_லீட்

2,000.

கண்டி_டோன்

2,200. ஆனா ஸ்க்ரூ ஒண்ணு குறையும், இப்பவே சொல்லிட்டேன்.

ஸ்டோர்_ஃபிட்டர்

ஸ்க்ரூ நான் தர்றேன்.